வயிறு தள்ளிய கல்கட்டு

ஏப்ரல் 19, ஞாயிறு

பைப்பில் காலையிலேயே தண்ணீர் வந்தது. உடுப்பெல்லாம் துவைத்து, பின்பக்கம் கொடி கட்டிக் காயப்போட்டேன். என் மனைவி லோஜினி குனியக் கூடாது என்று கிளினிக்கில் நர்ஸ் மிஸ் சொல்லியிருக்கிறார். நாலாம் மாதம். கலியாணமாகி ஒன்பது வருடத்தில் இதற்கு முன் இரண்டு முறை உண்டாகி, இரண்டும் மூன்று மாதத்தைத் தாண்டவில்லை. அதனால் துவைப்பது, தண்ணீர் தூக்குவது எல்லாம் நான்தான். லயத்துப் பொம்பளைகள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து அறைகளில் எங்கள் காம்பராதான் கடைசி. பின்கதவைத் திறந்து இரண்டு கையையும் நீட்டினால் ஒரு கை கதவில் இருக்கும், மற்றது கல்கட்டைத் தொடும். அதற்கு மேலே தேயிலை மலை. வெள்ளைக்காரன் காலத்தில் மலையை வெட்டி லயம் கட்டியபோது, வெட்டின மண் சரியாமல் இருக்க எழுப்பிய சுவர். ஆற்றிலும் மலையிலும் கிடந்த கல்லை உடைக்காமல், செதுக்காமல், சுண்ணாம்பு சீமெந்து எதுவும் இல்லாமல் அப்படியே அடுக்கியது. என்னைப் போல இரண்டு ஆள் உயரம்.

போன நவம்பர் புயலுக்குப் பிறகு அதில் ஒரு கல் மட்டும் கொஞ்சம் முன்னுக்கு வந்தது. உருண்டையாக, நெற்றி மாதிரி. லோஜினி அதற்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள். எங்கள் ஆட்களுக்கு இது புதிதில்லை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டப் போனால்கூட மலையில் கிடக்கிற ஒரு கல்லை நட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் கத்தியைத் தொடுவோம். தை மாதக் கடைசியில் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. அன்றிலிருந்து அது வெறும் கல் இல்லை. 'வளர்ற கல்லு' என்று தோட்டத்தின் பக்கத்து டிவிசனிலிருந்தும் பிள்ளையில்லாதவர்கள் தேங்காய் பழத்தோடு வருகிறார்கள்.

இன்று கொடி கட்டும்போதுதான் கவனித்தேன். கல்லுக்குப் போட்ட மாலை சுவரில் படாமல் தொங்குகிறது. தை மாதம் நானே போட்டபோது சுவரோடு ஒட்டிக் கிடந்தது.

கல் வளராது. கல்லடுக்குவது என் தொழில், எனக்குத் தெரியாதா? அப்படியானால் இது என்ன?

ஏப்ரல் 20

வேலைக்குப் போகுமுன் பார்த்தேன். கல்லையும் பக்கத்துக் கல்லையும் சேர்த்துப் பூசிய மஞ்சள் வெடித்திருக்கிறது. மஞ்சள் காய்ந்தால் வெடிக்கும்தான். ஆனால் மற்ற இடத்தில் வெடிக்கவில்லையே.

ஏப்ரல் 25

காசல்ரீ குளத்துப் பக்கம் ஒரு கொழும்புக்காரரின் பங்களாவுக்குத் தோட்டச் சுவர் அடுக்குகிறோம், நானும் ஜெயகாந்தனும். அவருக்குச் சீமெந்து கண்ணில் படக்கூடாதாம், கல் கல்லாகவே இருக்க வேண்டுமாம். எங்களுக்கு அது பிடித்த வேலை. ஒவ்வொரு கல்லையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, அது எங்கே உட்காரும் என்று கண்டுபிடிப்பதில் நேரம் போவதே தெரியாது. நீளமான கல் கிடைத்தால் அதன் உடம்பு மலைக்குள் போகிற மாதிரி படுக்க வைப்போம். முகம் மட்டும் வெளியே. அதுதான் சுவரை மண்ணோடு பிடித்து நிறுத்துவது.

சாப்பாட்டு நேரத்தில் ஜெயகாந்தனிடம் வீட்டுச் சுவரைப் பற்றிச் சொன்னேன். வேலை முடிந்ததும் கூடவே வந்தான். சுவரோடு கன்னத்தை வைத்து நீளத்துக்கும் பார்த்தான். பிறகு லோஜினி காதில் விழாமல், "வயிறு தள்ளிருச்சு மச்சான்" என்றான். கல்கட்டு உப்பினால் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். சொல்லிவிட்டு உள்ளே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தவளைப் பார்த்தான். இரண்டு பேரும் சிரிக்கப் போய், நிறுத்திக்கொண்டோம்.

"கழட்டி அடுக்கணும்டா. மழைக்கு முந்தி."

"அவ சாமிய எப்படிடா கழட்டச் சொல்ற?"

தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

மே 3

லோஜினியிடம் சொல்லிவிட்டேன். சுவர் சரிந்தால் முதலில் விழுவது நம் காம்பராவில்தான், நீ படுக்கிற இடத்தில்தான் என்று விளக்கமாகச் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் வயிற்றில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் பேசினாள்.

"ரெண்டு தடவ போனப்ப ஆஸ்பத்திரியில காரணம் சொன்னாங்களா? இல்ல. இது தங்கினதுக்கு எனக்கு ஒரு காரணம் தெரியும். அத நீங்க தொடாதீங்க. தொட்டா இதுவும் போயிரும்னு எனக்கு பயமா இருக்குங்க."

எனக்கு மட்டும் இல்லையா? நாளெல்லாம் கல்லோடு கிடக்கிறவன், கல்லுக்குள் ஒன்றும் இல்லை என்று தெரிந்தவன் — ஆனாலும் அந்தக் கல்லை அசைக்க எனக்கும் துணிவு வரவில்லை. நான் கழற்றி, மறுநாள் அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? சுவருக்குப் பயந்து கழற்றப் போனால் கல்லுக்குப் பயம், கல்லுக்குப் பயந்து விட்டுவைத்தால் சுவருக்குப் பயம். இதை யாரிடம் போய்ச் சொல்வது.

மே 10, ஞாயிறு

பக்கத்துக் காம்பரா பழனியாண்டி மாமா வந்தார். லயத்துக் கோயிலுக்கு அவர்தான் பூசாரி. சாமிக்கு மேலே தண்ணீர் கசிந்து முகத்தில் சேறு வடிகிறதாம். கல்லைச் சுற்றிச் சீமெந்து பூசி, வெள்ளை டைல்ஸ் ஒட்டி, சின்ன மாடமாகச் செய்துவிடலாம் என்று லயத்து ஆட்கள் பேசி முடித்துவிட்டார்கள்.

"வேணாம் மாமா. அந்தச் சுவருக்கு இடுக்குதான் மூச்சு. மலைத் தண்ணி அதுவழியாத்தான் வெளிய வருது. அடைச்சா உள்ளுக்கே நின்னு தள்ளும்."

"சாமி மூஞ்சியில சேறு வடியுதுப்பா. ஒன் பொஞ்சாதிக்கு வரம் குடுத்த சாமி. நீயே இப்படிப் பேசலாமா?"

அவரோடு வந்து வாசலில் நின்ற லயத்து ஆட்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். லோஜினி தலை நிமிரவில்லை. வேறு வழி தெரியாமல், "சரி, நானே பூசுறேன்" என்றேன். வேறு யாராவது பூசினால் ஒரு இடுக்கு விடாமல் அடைத்துவிடுவார்கள். நான் பூசினால் குழாய்த் துண்டாவது வைக்கலாம்.

மே 16

மாடம் முடிந்தது. மஸ்கெலியாவில் நாங்கள் சாமான் வாங்குகிற ஹார்ட்வெயார் கடைக்கார மஃறூப் நானா மிச்ச டைல்ஸ் தந்தார். டைல்ஸுக்கு இடையே ஆறேழு இடத்தில் குழாய்த் துண்டு செருகி, உள்ளே வரை போகிறதா என்று கம்பி விட்டுப் பார்த்தேன். எல்லோருக்கும் மாடம் பிடித்திருக்கிறது. சாயந்தரம் பொங்கல் வைத்தார்கள். நானும் தின்றேன்.

ஜூன் 4

மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாளாக வெயிலே இல்லை.

பின்கதவைத் திறந்து பார்த்தேன். மலை முழுக்கத் தண்ணீர் ஓடுகிறது. கூரைக்குக் கீழே, மாடத்தைச் சுற்றி, கல்கட்டு காய்ந்திருக்கிறது.

ஜூன் 5

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. மழையில் கல்கட்டு காய்ந்திருந்தால் என்ன அர்த்தம் என்று கல் வேலை தெரிந்த யாரையும் கேட்டுப் பார்க்கலாம். அவ்வளவு தண்ணீரும் உள்ளே நிற்கிறது.

ஓடிப்போய்க் குழாய்களில் விரலை விட்டேன். துணி. எல்லாக் குழாயிலும் பழைய சேலைத் துணியைச் சுருட்டி அடைத்திருந்தது. சேலை யாருடையது என்று பார்த்தவுடன் தெரிந்தது. ஒன்றைப் பிடுங்கினேன், செம்மண் தண்ணீர் என் நெஞ்சில் பாய்ந்தது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு உள்ளே போய்க் கத்தினேன். கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் நான் அவளிடம் அப்படிக் கத்தியதில்லை. ஒனக்கு பைத்தியமாடி, ரெண்டு பேரையும் சாவடிக்கப் போறியா — இதெல்லாம் சொன்னேன்.

அவள் அழுதுகொண்டே, "சாமி மேல சேறு வடிஞ்சுச்சுங்க" என்றாள். அவ்வளவுதான். வேறு ஒன்றும் அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை.

கத்தியதால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று இப்போது அதற்கு வேறு பயப்படுகிறேன்.

ஜூன் 11

தோட்டத்து ஆபீசில் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் வந்தார், போனில் படம் எடுத்தார். மழைக்கு இங்கே இருக்க வேண்டாம் என்று சிங்களத்தில் சொன்னார். எங்கே போய் இருப்பது என்று எந்தப் பாஷையிலும் சொல்லவில்லை.

ஜூன் 21, ஞாயிறு

பின்கதவு இறுகிவிட்டது. தோளால் இடித்துத்தான் திறக்க வேண்டியிருக்கிறது. குசினித் தரையில், அடுப்படியிலிருந்து சுவர்வரை ஒரு வெடிப்பு. மயிர் மாதிரிதான், ஆனால் போன வாரம் இல்லை.

மஃறூப் நானா கடைக்குப் பின்னால் ஒரு அறை சும்மா கிடக்கிறது. அவர் மனைவி ரபீக்கா சொல்லி அனுப்பியிருக்கிறார்: "புள்ளத்தாச்சிய மழைக்குள்ள வச்சிக்கிட்டு என்ன பாக்கிறீங்க? கூட்டிட்டு வாங்க." லோஜினியிடம் சொன்னேன். போக மாட்டாளாம். பிள்ளை பிறக்கும்வரை காலையில் குளித்துவிட்டு அந்தக் கல்லைத் தொட்டுக் கும்பிடுவதாக நேர்ந்திருக்கிறாளாம். இதுவரை என்னிடம் சொல்லவே இல்லை.

இழுத்துக்கொண்டு போகவா முடியும்? கதவுப் பக்கம் படுக்க வைத்திருக்கிறேன். சுவர்ப் பக்கம் நான்.

ஜூன் 29

மழை. குழாயில் தண்ணீர் வருகிறது. பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேன்.

ஜூலை 2

இரண்டு குழாயில் வரவில்லை. கம்பி விட்டேன், பாதியில் நிற்கிறது. உள்ளே கல் நகர்ந்திருக்கிறது.

ஜூலை 12, ஞாயிறு

இன்று நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

காலையில் அவள் கும்பிடப் போனாள், பின்னாலேயே நானும் போனேன். இப்போதெல்லாம் தனியாக விடுவதில்லை. மாடத்தில் டைல்ஸ் ஒன்று கழன்று கீழே கிடந்தது. கல் இன்னும் முன்னுக்கு வந்து, நேற்றுப் பூசிய மஞ்சளில் சுண்டுவிரல் போகிற அளவு பிளவு. அவள் கும்பிடவில்லை. கல்லில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, இது உள்ளுக்கு எம்புட்டு நீளம்?"

இத்தனை மாதத்தில் கல்லைப் பற்றி அவள் என்னைக் கேட்ட முதல் கேள்வி. என் நெஞ்சு உயரம் இருக்கலாம், படுத்த மாதிரி மலைக்குள் போகிறது என்றேன்.

"எதுக்கு அப்படி வச்சாங்க?"

"அதுதான் மத்ததெல்லாம் புடிச்சு நிக்கிற கல்லு. மேல இருக்கிற கல்லு பூரா அது மேலதான் சாஞ்சிருக்கு. பின்னால மண்ணும் தண்ணியும் தள்ளுது."

அவள் இடது கை வயிற்றில், வலது கை கல்லில்.

"அப்ப இது வளரல. இத வெளிய தள்ளுது."

பிளந்த மஞ்சளை விரலால் தடவினாள்.

"முடியாம முடியாம புடிச்சிக்கிட்டு நின்னிருக்கு. நான் என்னடான்னா இன்னும் வா, இன்னும் வான்னு கும்பிட்டிருக்கேன்."

அழுதாள். நானும் அழுதேன் — பயத்தில் அழுதேனா, வேறு எதிலா, தெரியவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "கழட்டுங்க. ஆனா மேல இருக்கிற பாரத்த எல்லாம் மொதல்ல எறக்குங்க. இத கடைசியா எறக்குங்க. தூக்கிப் போடாதீங்க."

எப்படிக் கழற்றினாலும் மேலிருந்துதான் கழற்ற வேண்டும் என்று அவளிடம் நான் சொல்லவில்லை.

ஜூலை 13

நேர்த்தி கிடக்கட்டும் என்று லோஜினியே கிளம்பினாள். ரபீக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். காம்பராவில் அவள் இல்லாதது நிம்மதியாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 7

இவ்வளவு நாள் காத்திருந்து, இப்போதுதான் நான்கு நாளாக மழை விட்டிருக்கிறது. மலைக்கு மேலே குறுக்குக் கான் வெட்டித் தண்ணீரை ஓடைக்குத் திருப்பிவிட்டோம். நாளைக்குத் தொடங்குகிறோம். லயத்தில் பாதிப் பேர் என்னோடு பேசவில்லை. பழனியாண்டி மாமா கதவைச் சாத்திக்கொண்டார்.

மேல் டிவிசன் நிஷாந்தி வந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிற பிள்ளை, கலியாணமாகி ஆறு வருடமாம். சத்தம் போடவில்லை. வாசலில் நின்று, "எனக்கு இன்னும் கெடைக்கலண்ணே. ஒங்களுக்குக் கெடைச்சிருச்சு, நீங்க கழட்டுறீங்க" என்றது.

யார் திட்டியதும் என்னை இவ்வளவு சுடவில்லை. திரும்பவும் அடுக்கத்தான் போகிறோம், கல் எங்கேயும் போகாது என்றேன். நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்?

ஆகஸ்ட் 8, சனி

லயத்துப் பொடியன்கள் சிலரும் கைகொடுத்தார்கள். மேலிருந்து ஒவ்வொரு கல்லாக இறக்கி, வாசலில் பெரிசு சிறிசு பார்த்துப் பரப்பினோம். டைல்ஸையும் சீமெந்தையும் தட்டி எடுத்ததும் அழுகிய சேற்று நாற்றம். உள்ளே இடுப்பளவுக்கு மண் குழம்பாக நின்றது. இன்னொரு பெரிய மழைக்குக்கூடத் தாங்கியிருக்காது என்று ஜெயகாந்தன் சொன்னான். கான் கரையில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

கடைசியில் அந்தக் கல் மட்டும் மிஞ்சியது. யாரும் கிட்டே போகவில்லை. நானும் போகவில்லை. உண்மையைச் சொன்னால் என்னால் முடியவில்லை. அப்போது பழனியாண்டி மாமா குளித்து, ஈர வேட்டியோடு, கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். சூடம் கொளுத்திக் காட்டினார்.

"சாமிய நான்தான்டா மொதல்ல தொடணும். நீ என்ன பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? கயித்தப் புடி."

நெஞ்சு உயரம் என்று நினைத்தது என் உயரமே இருந்தது. வெளியே தெரிந்த நெற்றி அதில் ஒரு நுனி. அலுங்காமல் சாக்கு விரித்துப் படுக்க வைத்தோம்.

ஆகஸ்ட் 10

லோஜினிக்கு வலி. எட்டாம் மாதம்தான் நடக்கிறது. ரபீக்கா போன் பண்ணினார். நானாவின் வேனிலேயே டிக்கோயா ஆஸ்பத்திரி.

கல்ல எறக்கி ரெண்டு நாள். ரெண்டே நாள். நான் என்ன செஞ்சிட்டேன்?

ஆகஸ்ட் 11

வார்டுக்குள் விடவில்லை. வெளியே மழை தொடங்கிவிட்டது. அங்கே சுவர் அரைகுறையாகத் திறந்து கிடக்கிறது. இங்கிருந்து அசைய முடியவில்லை. சாமி, அந்தக் கல்லை நான் எறியவில்லை. சாக்கு விரித்துத்தான் வைத்தேன்.

ஆகஸ்ட் 12

வலி நின்றிருக்கிறது. சேதி சொன்ன நர்ஸிடம் மூன்று முறை திருப்பிக் கேட்டேன். பார்வை நேரத்தில் உள்ளே விட்டார்கள். லோஜினி என்னைப் பார்த்ததும் கேட்டது: "சாமி மழையில கெடக்கா?"

ஜெயகாந்தனுக்குப் போன் போட்டேன். பழனியாண்டி மாமா தன் காம்பராக் கூரைக்கு வைத்திருந்த தகரத்தைக் கொண்டுவந்து மூடியிருக்கிறாராம். மலை வெட்டுக்கும் தார்ப்பாய் போட்டிருக்கிறார்கள். அவளிடம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டாள்.

"திரும்ப வைக்கிறப்ப மூஞ்சிய வெளிய வைக்காதீங்க. மலப் பக்கம் வைங்க. நல்லாப் புடிச்சிக்கட்டும். என்னயப் பாத்தது போதும்."

ஆகஸ்ட் 29

அவள் ரபீக்கா வீட்டில், படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பாதிச் சுவர் ஏறிவிட்டது. அந்தக் கல்லை முழங்கால் உயரத்தில், அவள் சொன்ன மாதிரியே முகம் மலைப் பக்கமாகப் படுக்க வைத்தோம். பின்னால், தண்ணீர் வடிய, கூடை கூடையாகச் சின்னக் கல். சீமெந்து ஒரு கரண்டிகூட இல்லை.

செப்டம்பர் 30

பொம்பளப் பிள்ளை. இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். வேறு எழுதத் தெரியவில்லை.

நவம்பர் 8, ஞாயிறு

முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழித்து, பிள்ளையோடு வீட்டுக்கு வந்து ஒரு வாரம். இரண்டு நாளாக நல்ல மழை. புயல் வந்த மாதம் என்பதால் லயத்தில் எல்லோருமே வானத்தைப் பார்த்தபடி இருக்கிறார்கள். பின்கதவு லேசாகத் திறக்கிறது, அதையே தேவையில்லாமல் நாலைந்து தரம் திறந்து மூடினேன்.

மதியம் நிஷாந்தி குடையோடு வந்தது. கையில் ஒரே ஒரு செவ்வந்திப் பூ. பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு லோஜினியிடம் கொடுத்தது. பிறகு, "எதுண்ணே அந்தக் கல்லு?" என்று கேட்டது. பொட்டில்லை, மஞ்சளில்லை, எல்லாக் கல்லும் ஒரே மாதிரி. முழங்கால் உயரத்தில் இடத்தைக் காட்டினேன். முகம் உள்ளே இருக்கிறது என்றும் சொன்னேன்.

குந்தி உட்கார்ந்து, இடுக்கில் பூவைச் செருகிக் கண்ணை மூடியது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். உள்ளிருந்து தண்ணீர் வந்து பூவை மெல்ல அசைத்தது, பிறகு வெளியே தள்ளியது. பூ நிஷாந்தியின் மடியில் விழுந்தது.

கண்ணைத் திறந்து பூவைப் பார்த்தது. "குடுத்திருச்சு அக்கா" என்று லோஜினியைப் பார்த்துச் சொல்லி, பூவை முந்தானையில் முடிந்துகொண்டு அழுதது. லோஜினி என்னைப் பார்த்தாள்.

கல்கட்டு மேலிருந்து கீழ்வரை நனைந்திருக்கிறது. ஒவ்வொரு இடுக்கிலும் தண்ணீர், தெளிந்த தண்ணீர். பிள்ளை சுவர்ப் பக்கம் தூங்குகிறாள்.

நிஷாந்தி இதை ஊரெல்லாம் சொல்லும். வெள்ளிக்கிழமை ஆட்கள் பூவோடு வருவார்கள். சனிக்கிழமை காலையில் இடுக்கில் ஏதாவது அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.